அறுபத்து மூன்று பேர் கையெழுத்திட்ட கொட்டாங்கச்சி

என் கணவருக்குப் பேசத் தெரியாது. எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கல்கத்தாவில் இருந்த ஒரு அதிகாரியை ஒன்றரை வருஷம் படுத்திய பாட்டைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்த மனிதர் எங்கிருந்தாலும் என்னை மன்னிக்க வேண்டும். பூனை விஷயத்தில் மட்டும் நான் மன்னிப்புக் கேட்பதாக இல்லை. அதில் தப்பு அவருடையது.

அறுபதுகளின் கடைசி. போர்ட் பிளேரில், மரைன் ஹில் ஏற்றத்தில், தகரக் கூரை போட்ட குவார்ட்டர்ஸில் இருந்தோம். குவார்ட்டர்ஸ் என் பேரில். நான் ஒரு சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட், நிரந்தர வேலை. அவர் குன்றின் அடிவாரத்துப் பம்ப்ஹவுஸில் மோட்டார் ஓட்டுகிறவர், மஸ்டர் ரோல் ஆள். வந்த நாளைக்குப் பேர் எழுதுவார்கள், வராத நாளைக்கு அப்படி ஒரு ஆளே கிடையாது. எந்த மாசக் கடைசியிலும் 'நாளையிலிருந்து வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். சொன்னால் கேட்டுக்கொண்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை. வெளியே என்னமோ வாய் கிழியப் பேசுவேனே தவிர, ஒவ்வொரு மாசமும் இருபத்தெட்டாம் தேதியிலிருந்து அவர் வீடு திரும்புகிற நேரத்தில் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

அவரை நிரந்தரம் ஆக்க வேண்டுமானால் மோட்டார் வேலை தெரியும் என்று ஏதாவது சான்றிதழ் வேண்டும். அவரிடம் ஒன்றுமில்லை. ரங்கூன் பக்கம் ஒரு அரிசி மில்லில் பதினைந்து வருஷம் மோட்டார்களோடு கிடந்தவர். படித்த பள்ளிக்கூடம் சண்டைக் காலத்தில் எரிந்துபோயிற்று. பர்மாவை விட்டுக் கிளம்பியபோது மில்காரர் எழுதிக் கொடுத்த காகிதம் பர்மிய எழுத்தில் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அவருடைய ஆபீஸ் கிளார்க், "ஜாங்கிரி பிழிஞ்ச மாதிரி இருக்கு, இதை எந்த ஃபைல்ல போடறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கிளார்க் எங்கள் ஊர்க்காரர்தான், மதுரைப் பக்கம். ஊர்ப்பாசம் எல்லாம் ஃபைலுக்கு வெளியே.

என் கணவருக்கு மேலே இருந்த எஞ்சினியர் சாப் ஒரு வங்காளி. நல்ல மனுஷர். ஒரு நாள் நானே போய் நின்றேன். அவர் இந்தியில் சொன்னார்: "கோயி பீ சர்க்காரி காகஸ் லாவ். எந்த சர்க்கார் காகிதமானாலும் சரி. முத்திரை இருக்கணும், உன் ஆளுடைய பேர் இருக்கணும், மோட்டார் வேலை தெரியும்னு இருக்கணும். நான் பக்கா பண்ணிடறேன், நிரந்தரமாக்கிடறேன். ஆனா சீக்கிரம். எனக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் எப்ப வேணா வரும்."

அடுத்து வருகிற எஞ்சினியர் எப்படியோ, யார் கண்டது? எனக்கு அந்தக் காகிதம் வேண்டும். அவ்வளவுதான் கதை.

இப்போது என் கணவர் செய்த சாமானைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. எங்கள் ஊர்க் கரண்ட் அந்தக் காலத்தில் ஏறும், இறங்கும், போகும், போன வேகத்தில் திரும்பி வரும். இறங்கின கரண்டில் மோட்டார் முக்கி முக்கி ஓடினால் உள்ளே காயில் எரிந்துவிடும். எரிந்த மோட்டாரைக் கப்பலில் ஏற்றிக் கல்கத்தா அனுப்ப வேண்டும். அது திரும்பி வருகிறவரை குன்று முழுக்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறும். அவர் வந்து முதல் மாசமே இதைப் பார்த்தார். பேசாமல் வீட்டுக்கு வந்து, சட்னிக்கு நான் உடைத்த தேங்காயில் ஒரு மூடியைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கொட்டாங்கச்சியை ஒரு தராசுக் கம்பியின் முனையில் தொங்கவிட்டார். மேலே ஒரு குழாய், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கரண்ட் நன்றாக இருந்தால் ஒரு காந்தம் கொட்டாங்கச்சியை நிமிர்த்திப் பிடித்திருக்கும். கொட்டாங்கச்சி மெல்ல நிரம்பிக் கனத்துத் தாழ்ந்து பட்டனை அழுத்தும். மோட்டார் ஓடும். கரண்ட் இறங்கினால் காந்தத்துக்குத் தெம்பு போய்விடும், கொட்டாங்கச்சி கவிழ்ந்துவிடும், மோட்டார் நின்றுவிடும். மறுபடி நிரம்புகிறவரை, அதாவது ஏழெட்டு நிமிஷம் கரண்ட் ஒழுங்காக இருந்து காட்டுகிறவரை, மோட்டாரைத் தொட விடாது. பால்பவுடர் டப்பா வைத்தால் உப்புக் காற்றில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிடுமாம். கொட்டாங்கச்சி துருப்பிடிக்காது. மூன்று வருஷத்தில் ஒரு மோட்டார்கூட எரியவில்லை.

பேடன்ட் என்ற வார்த்தையை நான்தான் கண்டுபிடித்தேன். எங்கள் ஆபீஸுக்குக் கட்டுக்கட்டாக கெஜட் வரும். ஒருத்தரும் பிரிக்க மாட்டார்கள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் புரட்டியபோது அதில் பேடன்ட் பட்டியல், அதாவது புதுசாக ஒரு சாமான் கண்டுபிடித்தவர்களுக்குச் சர்க்கார் கொடுத்த உரிமைக் காகிதங்கள். நடுவில் 'மின்சார மோட்டார்களைக் கட்டுப்படுத்துவதில் மேம்பாடுகள்' என்று ஒன்று. பக்கத்தில் ஒரு ஆளின் பேர், ஒரு நம்பர். டிபன் டப்பாவை அப்படியே மூடிவிட்டேன். சர்க்கார் முத்திரை, பேர், மோட்டார். எஞ்சினியர் சாப் கேட்ட மூன்றும் ஒரே காகிதத்தில்!

கல்கத்தா பேடன்ட் ஆபீஸுக்கு எழுதிப் போட்டேன், ஃபாரங்கள் வந்தன. நிரப்புவது யார்? நான்தான். மரைன் ஹில்லில் மனு எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தீவில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் மனுப் போட்டுக் கிடைத்ததுதான். தெருக்குழாய் மனுவில் வந்தது, பஸ் மனுவில் வந்தது, பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் டீச்சர் மூன்றாவது மனுவில் வந்தார். மனுவுக்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் கஷ்டம், அப்புறம் கோரிக்கை, கடைசியில் கையெழுத்துகள். எவ்வளவு கையெழுத்தோ அவ்வளவு பலன். பேடன்ட் விண்ணப்பத்தையும் அந்த வழியில்தான் எழுதினேன். பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்த கதையில் தொடங்கி, படுத்த படுக்கையாக இருக்கும் வயதான தாயாரைச் சொல்லி, அதற்கப்புறம்தான் மோட்டாருக்கே வந்தேன்.

அவர் படித்துப் பார்த்தார். "எங்கம்மா செத்துப் பன்னெண்டு வருஷமாச்சு."

"மனுவுல உயிரோட இருந்தாதான் கனம். நீங்க படத்தை வரைங்க."

வரைந்தார். படம் அற்புதம், சும்மா சொல்லக்கூடாது. கம்பி, காந்தம், குழாய், எல்லாவற்றுக்கும் நம்பர். கல்கத்தாவுக்குப் போயிற்று.

எங்களுக்குத் தபால் என்றால் கப்பல். கப்பல் வந்தால் மூன்று நாலு நாள் நிற்கும். அதற்குள் பதிலைப் போட்டுவிட்டால் அதே கப்பலில் போகும், விட்டால் அடுத்த கப்பலுக்காகத் தேவுடு காக்க வேண்டும். ஆகவே தீவுக்காரர்கள் எல்லாருமே தபாலைப் பிரித்த கையோடு பதில் எழுதுகிற ஜாதி. நிதானமாக யோசிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை, கப்பல் விடாது. இதை நான் சால்ஜாப்பாகச் சொல்லவில்லை. கொஞ்சம் சால்ஜாப்புதான்.

எக்ஸாமினரின் முதல் கடிதம் வந்தது. எக்ஸாமினர் என்பவர் விண்ணப்பத்தைப் படித்து ஓட்டை கண்டுபிடிக்கிறவர். நிறைய கண்டுபிடித்திருந்தார். விண்ணப்பதாரரின் தாயாருடைய உடல்நிலை கண்டுபிடிப்பின் பகுதி அல்ல, நீக்கவும். 'போதுமான அளவு', 'கொஞ்ச நேரம்', 'கடவுள் புண்ணியத்தில்' ஆகிய சொற்கள் தெளிவற்றவை. கொட்டாங்கச்சியின் அளவு தரப்படவில்லை. படத்தில் ஏழு என்று எண்ணிட்ட பகுதியைப் பற்றி விவரத்தில் ஒன்றுமில்லை. அது ஒரு விலங்கு போலத் தெரிகிறது. அதன் வேலை என்ன?

படத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். மோட்டாருக்குப் பக்கத்தில் பம்ப்ஹவுஸ் பூனை காலை நீட்டிப் படுத்திருந்தது.

"ஏங்க, பூனையை எதுக்கு வரைஞ்சீங்க?"

"அங்கதான படுத்திருந்துச்சு."

"நம்பர் வேற போட்டிருக்கீங்க!"

"எல்லாத்துக்கும் போட்டேன். அதுக்கு மட்டும் போடாம விட்டா எப்படி?"

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் கல்கத்தாக்காரர் கேட்டுவிட்டார் என்பதற்காக நாம் இறங்கிப் போவதா? எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. மேற்படி பூனை, கம்பிகளை எலி கடிக்காமல் காப்பதால் கட்டுப்பாட்டுக் கருவியின் பாதுகாப்புப் பகுதியாகும் என்று டைப் அடித்தேன். கொட்டாங்கச்சியின் அளவுக்கு எதற்கு வளவள என்று எழுத வேண்டும், சாமானையே அனுப்பிவிட்டால் போயிற்று என்று நல்லதாக ஒரு மூடியைத் தேய்த்துப் பார்சல் கட்டினேன். மாமியாரை எடுத்துவிட்டேன். மறுநாளே கப்பல் கிளம்பிவிட்டது.

இரண்டாவது கடிதம் இப்படி இருந்தது: கொட்டாங்கச்சி கிடைத்தது. மாதிரிகள் எதுவும் கேட்கப்படவில்லை. உயிருள்ள பிராணிக்கு உரிமை கோர இயலாது, பூனையை நீக்கவும். வேலை என்ன என்று கேட்டதே அவர்தான்! கேட்டதற்குப் பதில் சொன்னால் நீக்கு என்கிறார். இதைத்தான் அவர் தப்பு என்று சொன்னேன்.

என் கணவர் ரப்பரை எடுத்து, நகலில் இருந்த பூனையை முதலில் அழித்தார். ஒரு காது மட்டும் சரியாக அழியவில்லை. புதுப் படம் போட்டபோது அந்த இடத்தில் ஒன்றுமே வரையாமல் காலியாக விட்டார்.

அந்தக் கடிதத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. அதுதான் எங்கள் குடியைக் கெடுத்தது. 'இந்தக் கருவியில் புதியது என்ன, அது புதியது என்பதற்கு ஆதாரம் என்ன என்பதை விண்ணப்பதாரர் விளக்க வேண்டும்.'

ஆதாரம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்குக் குஷி வந்துவிட்டது. சாட்சி கேட்கிறார்! மனு நம் வழிக்கு வந்துவிட்டது! கப்பல் கிளம்ப மூன்று நாள் இருந்தது. ஒரு வாசகத்தை டைப் அடித்தேன். 'கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள், மேற்படி கருவியை மூன்று வருஷமாகத் தினந்தோறும் கண்ணால் பார்த்து வருகிறோம். அது ஒரு நாளும் தவறியதில்லை. பம்ப்ஹவுஸ் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் சொல்லிக் கொடுப்பார்கள். இது சத்தியம்.'

அதைத் தூக்கிக்கொண்டு குன்று முழுக்க ஏறி இறங்கினேன். வங்காளத்தில், தெலுங்கில், மலையாளத்தில், இந்தியில், தமிழில் கையெழுத்துகள். எழுதத் தெரியாதவர்களின் கட்டைவிரல்கள். மொத்தம் அறுபத்து மூன்று. கோயில் பிராகாரத்தில்கூட அறுபத்து மூவர்தான் நிற்கிறார்கள், இதற்கு மேல் கல்கத்தாவுக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் சவடாலாகச் சொல்லிவிட்டுத் தபாலில் சேர்த்தேன்.

மூன்றாவது கடிதம் வர இரண்டு மாசம் ஆயிற்று. அதை நான் மூன்று தடவை படித்தேன். முதல் தடவை புரியவில்லை. இரண்டாவது தடவை புரிந்த மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை வியர்த்தது.

பேடன்ட் என்பது, விண்ணப்பம் போடுகிற நாள்வரை உலகத்துக்குத் தெரியாத சாமானுக்குத்தான் தருவார்களாம். ஊரறியப் பயன்பட்டு வந்த சாமான் புதுசு ஆகாதாம். 'தாங்கள் இணைத்துள்ள சாட்சியங்களின்படி இக்கருவி விண்ணப்பத் தேதிக்கு முன்பே நெடுங்காலமாகப் பொதுமக்கள் பார்வையில் இயங்கி வந்துள்ளதாகத் தெரிகிறது.' எக்ஸாமினர் தாமாகக் கண்டுபிடித்திருக்கவே முடியாது ஐயா! கடல் தாண்டி, ஒரு குன்றின் அடிவாரத்தில், ஒரு பம்ப்ஹவுஸுக்குள் இருந்ததை அவர் எங்கே பார்த்தார்? நான் போய் அறுபத்து மூன்று சாட்சி வைத்து, கதவு திறந்திருந்ததையும் சேர்த்து, சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். என் வாயாலேயே என் புருஷனைக் கவிழ்த்துவிட்டேன். சமையல்கட்டில் உட்கார்ந்து என்னை நானே நன்றாகத் திட்டிக்கொண்டேன்.

ஆனால் எக்ஸாமினர் நல்லவர். கடைசிப் பாராவில் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். அந்த மூன்று வருஷமும் வெறும் பரீட்சார்த்தமாக ஓட்டிப் பார்த்ததுதான், கருவி அதுவரை திருப்தியாக வேலை செய்யவில்லை என்றால், அப்படியே விண்ணப்பதாரர் பிரமாணம் எழுதிக் கையெழுத்திட்டு, சாட்சிகளும் அதை ஒப்புக்கொண்டால், மேற்கொண்டு பரிசீலிக்கலாம்.

இதென்ன பெரிய விஷயம்? ஓடியது என்று எழுதியவளுக்கு ஓடவில்லை என்று எழுதத் தெரியாதா? டைப் அடித்தேன். 'கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள், மேற்படி கருவி மூன்று வருஷமாக அடிக்கடி பழுதாகி எங்களைத் தண்ணீருக்குத் திண்டாட வைத்தது என்று உறுதி கூறுகிறோம்.' மறுபடி குன்று.

முதலில் கடைக்கார பாய். கீழக்கரைக்காரர். ஏற்றத்தின் முனையில் மளிகைக் கடை.

"என்ன தங்கச்சி, எதுக்கு மனு? பஸ்ஸுக்கா?"

"பஸ்ஸுக்கு இல்ல பாய். கொட்டாங்கச்சி ஓடலைன்னு."

"ஓடலையா? காலைலகூட தண்ணி வந்துச்சே."

"வந்துச்சு பாய். வரலைன்னு போடுங்க."

"சரி, எங்க போடணும்?"

இப்படியே அறுபத்து மூன்று பேரும். ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. தீவில் மனு என்று வந்தால் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது மரியாதைக் குறைவு. நாளைக்கு அவர்கள் மனுவுக்கு நாம் போட வேண்டுமே. பக்கத்து வீட்டு வங்காளி அக்காவை நாங்கள் தீதி என்போம், அவருக்கு மட்டும் விஷயம் புரிந்தது. புரிந்ததும் உற்சாகம் தாங்கவில்லை.

"அரே, இது ஜூட்டா? பொய்யா? அப்படின்னா நல்லா எழுது! என் வீட்டு ஆள் தலையில சோப்போட மூணு மணி நேரம் நின்னான்னு எழுது!"

"நின்னாரா தீதி?"

"நஹீ. ஆனா நின்னா நல்லாதான் இருக்கும்."

சேர்த்துக்கொண்டேன். மேல் வீட்டு மலையாளி நர்ஸ், குழாயில் ஒரு தடவை மரவட்டை வந்ததாகச் சொன்னார். அதையும் சேர்த்தேன். முன்பு சத்தியம் செய்த அதே விரல்கள், அதே வரிசையில், அதற்கு நேர் எதிராகச் சத்தியம் செய்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாம் தயார். மறுநாள் காலை கப்பல். பாக்கி இருந்தது ஒரே ஒரு கையெழுத்து, என் கணவருடையது.

அவர் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பேனாவைக் கொடுத்தேன். படித்தார். மெதுவாகப் படிக்கிற மனுஷர். சோப்பு, மரவட்டை எல்லாவற்றையும் படித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"என்னங்க?"

"இது நடக்கலை."

"நடக்கலைன்னு எனக்குத் தெரியாதா? போடுங்க. நாளைக்குக் கப்பல்."

"மூணு வருஷமா ஒரு மோட்டார் எரியலை."

"ஐயோ, அது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், பூனைக்குத் தெரியும்! இப்ப அதுவா பேச்சு? இந்தக் காகிதம் வந்தாத்தான் நீங்க பக்கா. இல்லைன்னா என்னைக்கு வேணா போன்னு சொல்லிடுவாங்க. சாப் மாற்றல்ல போயிட்டா அப்புறம் யாரு காலைப் பிடிக்கிறது?"

அவர் பேனாவை என் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, எங்கள் கல்யாண நாளிலிருந்து அன்றுவரை நான் கேட்டதிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"அம்மாவை எடுக்கச் சொன்னாங்க, சரின்னேன். பூனையை எடுக்கச் சொன்னாங்க, அழிச்சேன். இதை எடுக்க மாட்டேன். நான் செஞ்சது இது ஒண்ணுதான். ஓடலைன்னு நானே எழுதிக் குடுத்துட்டு, அதுக்கு அப்புறம் எனக்கு எதுக்குக் காகிதம்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் வெயிலில் அலைந்தவள் நான். அறுபத்து மூன்று பேர் போட்டார்கள், நீங்கள் என்ன அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளையா என்று கத்தினேன். அரிசி மில்லிலேயே இருந்திருக்க வேண்டியதுதானே என்றேன். அது சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. அவர் எழுந்து வாசல்படியில் போய் உட்கார்ந்தார். அவருடைய கையெழுத்தை எனக்குப் போடத் தெரியும். தீதி வீட்டு ஜன்னல் வேறு திறந்திருந்தது, கூடத்தில் வைத்துப் போட்டால் தெரியும். பேனாவை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்க் காகிதத்தை விரித்தும் வைத்தேன். முதல் எழுத்துப் போடக் கை வரவில்லை. அந்த ஆளை நினைத்தால் ஆத்திரமாக வந்தது, அவ்வளவு ஆத்திரத்திலும் அவர் சொன்னது சரி என்று வேறு பட்டது. ஆத்திரத்திலும் அழுகை வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "சரி, என்னதான் எழுதணும்? சொல்லித் தொலைங்க" என்றேன்.

அவர் சொன்னார். மூன்றே வரி. 'கருவி முதல் நாளிலிருந்து ஓடியது. அது பரீட்சார்த்தம் அல்ல. முன்பு சாட்சிகள் சொன்னது உண்மை.' மறுநாள் சீக்கிரமே ஆபீஸ் போய் டைப் அடித்தேன். நான் தட்டிய வேகத்தில் இங்கிலீஷ் 'ஓ' வருகிற இடத்திலெல்லாம் காகிதம் ஓட்டையாகிவிட்டது. பம்ப்ஹவுஸில் அவரிடம் கையெழுத்து வாங்கி அப்படியே அனுப்பினேன். இரண்டாவது மனுவை அடுப்பில் போட்டேன். தீதிக்குத்தான் வருத்தம், சோப்பு வீணாகப் போயிற்றே என்று.

அதன் பிறகு நாலு மாசம். எஞ்சினியர் சாப்புக்கு மாற்றல் ஆர்டர் வந்துவிட்டது. வருகிற கப்பல் திரும்பும்போது அவர் அதில் போகிறார் என்று பேச்சு. அந்தக் கப்பலில்தான் கல்கத்தாவிலிருந்து நீளமான கவரும் வந்தது. ஆபீஸிலேயே பிரித்தேன். விண்ணப்பம் மறுக்கப்படுகிறது. எதிர்பார்த்ததுதான். அதைக் கைப்பைக்குள் வைத்தேன். வைத்தவள் மறுபடி எடுத்தேன், ஏன் மறுத்தார்கள் என்று முழுசாகப் படித்துவிட்டாவது திட்டலாம் என்று.

'விண்ணப்பதாரர் தாமே வடிவமைத்த இக்கருவி, மின்சார மோட்டார்களைக் குறைந்த மின்னழுத்தத்திலிருந்து காத்து, அரசு நீர் விநியோகத்தில் மூன்று ஆண்டுகளாகத் தடையின்றி, திருப்திகரமாக இயங்கி வந்துள்ளது என்பது அறுபத்து மூன்று பேரின் சாட்சியத்தாலும் விண்ணப்பதாரரின் தெளிவான வாக்குமூலத்தாலும் ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளது. ஆகவே மறுக்கப்படுகிறது.' கீழே முத்திரை. மேலே என் கணவருடைய பேர், எழுத்துப் பிழையில்லாமல்.

லீவு சொன்னேனா, சொல்லாமலே போனேனா, நினைவில்லை. எஞ்சினியர் சாப் அறையில் நின்றேன். அவர் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மதுரைக் கிளார்க் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டினேன். சாப் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார்.

"பெஹன்ஜி, யே தோ 'நா' ஹை," என்றார். சகோதரி, இது 'முடியாது' என்றல்லவா சொல்கிறது என்று அர்த்தம்.

"சாப், நீங்க முத்திரை கேட்டீங்க, இருக்கு. பேர் கேட்டீங்க, இருக்கு. மோட்டார் வேலை தெரியும்னு இருக்கணும்னீங்க, அது எட்டு வரிக்கு இருக்கு. 'ஆமா'ன்னு இருக்கணும்னு நீங்க சொல்லவே இல்லை!" என் இந்தி கோபம் வந்தால் நன்றாக வரும்.

சாப் மறுபடி படித்தார். கிளார்க்கும் எழுந்து வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்தார். 'ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளது' என்ற இடத்துக்கு வந்தபோது சாப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புத்தகப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்த ஆபீஸ்ல எவன் கிட்டயும் இப்படி ஒரு காகஸ் கிடையாது. என்கிட்டயே கிடையாது," என்றார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, சிபாரிசைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு நாள் கழித்துக் கப்பல் ஏறினார்.

அந்த வருஷக் கடைசியில் என் கணவர் பக்கா ஆனார். சர்வீஸ் புத்தகம் திறந்தது அதே மதுரைக் கிளார்க். கல்வித் தகுதி என்ற கட்டத்தில் மற்றவர்களுக்கு எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ. என்று இருக்கும். ஃபைலில் என்ன காகிதம் இருக்கிறதோ அதைத்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாக, அழகான கையெழுத்தில், 'பேடன்ட் மறுக்கப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டு, முத்திரையும் குத்திவிட்டார்.

என் கணவர் ரிட்டயர் ஆகிற வரைக்கும் அந்தப் புத்தகம் அப்படியே இருந்தது. கடைசி மாசம், பென்ஷன் வேலைக்காக மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த ஒரு கிளார்க் அந்தக் கட்டத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார். யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள், அடித்துவிட்டு 'இல்லை' என்று திருத்திவிடட்டுமா என்று பேனாவைத் திறந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் குனிந்து, அந்தக் கட்டத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"அடிக்காதீங்க சார். ஓடுனதுனாலதான் மறுத்தாங்க."